வெள்ளிக்கிழமை டாங்கோ

"அம்மா, நீங்கள் ஏதோ சோதனை எழுதப் போற மாதிரி இருக்கிறியள்," என்றாள் நிலாணி, கண்ணை வீதியிலிருந்து எடுக்காமல்.

ஜெயமலர் முன்கண்ணாடியையே பார்த்தாள். மயில்கழுத்து நிறச் சேலைக்கு மேல் தடித்த குளிர் ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள். வோபர்னில் வீட்டு வாசலில் காரில் ஏறியதிலிருந்து இப்படித்தான். மார்ச் மாதத்து அழுக்குப் பனி வீதியின் இரண்டு கரையிலும் குவிந்து கிடந்தது.

சோதனைதான். ஆனால் அது என்ன சோதனை என்று காரோட்டும் மகளுக்குத் தெரியாது.

போன ஞாயிறு இரவுச் சாப்பாட்டில் நிலாணி தான் கட்ட விரும்புகிற பொடியனின் பெயரைச் சொன்னாள். ஜூலியஸ். அவளுடைய அப்பா பொன்னம்பலம் பிசைந்த இடியப்பத்தைச் சாப்பாட்டுக் கோப்பையிலேயே விட்டுவிட்டு எழும்பிப் போனார். பொடியன் வேதக்காரன், கிறிஸ்தவன், என்பது ஒன்று. ஒரே மகள் தன்னிடம் ஒரு சொல் கேட்காமல் தன் வாழ்க்கையைத் தீர்மானித்துவிட்டாள் என்பது இன்னொன்று. எது கூடுதலாக வலித்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது. அன்றிலிருந்து வீட்டில் தொலைக்காட்சி மட்டும்தான் கதைத்தது.

பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பெற்றோர் நாலு பேரும் ஒரு மேசையில் இருந்து சாப்பிடவேண்டும். வீட்டுக்குக் கூப்பிட்டால் அப்பா கதவு திறக்கமாட்டார். கோயிலில் சந்திப்பதென்றால் யாருடைய கோயில் என்று தொடங்கும். ஆகவே இரண்டு பகுதிக்கும் சொந்தமில்லாத ஓரிடம். கொலிஜ் வீதியில் ஓர் அர்ஜென்ரீனச் சாப்பாட்டுக்கடையில் வெள்ளிக்கிழமைகளில் சாப்பாட்டோடு டாங்கோ நடனம் காட்டுகிறார்களாம். ஜூலியஸ் நாலு ரிக்கெற் வாங்கிவிட்டான்.

"ஆட்டம் பார்த்துக்கொண்டு சம்பந்தம் பேசுற ஆக்களோ நாங்கள்?" என்று பொன்னம்பலம் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். பிறகு இன்று காலை, நிலாணி குளிக்கும் நேரம் பார்த்து, ஜெயமலர் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்தார்.

"நீ போ. ஒருத்தரும் போகாட்டி மரியாதையில்லை. போய், எங்களுக்கு உது சரிவராது எண்டு நல்ல சொல்லில சொல்லிப்போட்டு வா. பிள்ளைக்கு இப்ப ஒண்டும் சொல்லவேண்டாம். ஒன்பது மணிபோல நான் வந்து ஏத்துறன்."

அந்த நல்ல சொல்லைத்தான் ஜெயமலர் வழி முழுக்கத் தேடிக்கொண்டு வந்தாள். இன்னும் கிடைக்கவில்லை.

கடை வாசலில் கார் நின்றது. நிலாணி எட்டி அம்மாவின் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். "அன்ரனெற் அன்ரி நல்லவ அம்மா. நீங்கள் சும்மா கதைச்சால் போதும்."

மகளின் விரல்கள் குளிர்ந்துபோயிருந்தன. ஜெயமலர் அவற்றை ஒருமுறை பிடித்து விட்டுவிட்டு இறங்கினாள்.

உள்ளே சிவப்புச் சுவர், மேசைக்கு மேசை மெழுகுதிரி, மூலையில் ஒரு தாழ்ந்த மேடை. மேடைக்குப் பக்கத்து மேசையிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றாள். கட்டையாக வெட்டின தலைமயிர், நீலச் சேலை, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சின்னச் சிலுவை.

"மிஸிஸ் பொன்னம்பலமோ? நான் அன்ரனெற் அருள்நாயகம். ஜூலியஸின்ர அம்மா."

"ஓம். ஜெயமலர்."

இருவரும் எதிரெதிரே அமர்ந்தார்கள். நாலு பேர் மேசை. இரண்டு கதிரைகள் வெறுமையாக இருந்தன. இரண்டு பெண்களும் அந்தக் கதிரைகளையே பார்த்தார்கள்.

"உங்கட அவர்…?" என்று அன்ரனெற் கேட்டாள்.

"ஓவர்ரைம். கடைசி நேரத்தில கூப்பிட்டிட்டாங்கள்," என்றாள் ஜெயமலர். பொய்யை மறைக்க உடனே திருப்பிக் கேட்டாள். "உங்கட அவர்?"

"அவருக்குத் தடிமன், மூக்கால ஓடுது." அன்ரனெற் மேசைத் துணியின் மடிப்பை நீவினாள்.

அதோடு கதை முடிந்தது. பிறகு குளிரைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தார்கள். அதுவும் முடிந்தது.

நல்லகாலம், சாப்பாடு வந்தது. நல்லகாலம் என்று ஜெயமலர் நினைத்து முடிக்கவில்லை, பரிமாறுகிறவன் அவள் முன் ஒரு மரப்பலகையை வைத்தான். அதில் உள்ளங்கை அகலத்துக்கு, உள்ளங்கையைவிடத் தடிப்பான மாட்டிறைச்சித் துண்டு ஒன்று ஆவி பறந்துகொண்டிருந்தது. அன்ரனெற்றுக்கும் ஒன்று. ரிக்கெற்றுக்குள் அடங்கிய சாப்பாடு அதுதான் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான்.

"சாப்பிடுங்கோ," என்றாள் அன்ரனெற்.

"நீங்கள் சாப்பிடுங்கோ."

"எனக்கு அவ்வளவு பசியில்லை."

"எனக்கும்தான்."

இரண்டு பலகையும் தொடாமல் கிடந்தன. தன்னோடு ஒரு மேசையில் கைநனைக்க இந்த மனுசிக்கு விருப்பமில்லை என்று ஜெயமலருக்குப் பட்டது. நல்லதுதான், சொல்லவந்ததைச் சொல்ல இலகு. ஆனாலும் முகம் சுட்டது.

அன்ரனெற்தான் முதலில் வாய் திறந்தாள். "எங்களோட இருந்து சாப்பிட உங்களுக்கு ஒரு மாதிரிக் கிடக்குதெண்டால் சொல்லுங்கோ. நான் கோவிக்கமாட்டன்."

"ஐயோ, அப்பிடியில்லை!" ஜெயமலர் பதறிப்போனாள். "இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ. வெள்ளியில நாங்கள் மச்சம் மாமிசம் தொடுறேல்லை. மாடெண்டால் ஒருநாளும் இல்லை. நீங்கள்தான் தொடாமல் இருக்கிறியள் எண்டு நான்…"

அன்ரனெற் ஒரு கணம் விழித்துப் பார்த்தாள். பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"எங்களுக்கும் வெள்ளிக்கிழமைதான். தவக்காலம். ஈஸ்ரர் வரைக்கும் வெள்ளியில இறைச்சி இல்லை."

"எந்த நாளைப் பார்த்து ரிக்கெற் எடுத்திருக்குதுகள், பாருங்கோ!"

"சமயம் பார்க்காமல் ஒண்டையொண்டு பிடிச்சதுகள், நாளையோ பார்க்கப் போகுதுகள்?"

ஜெயமலருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். இறைச்சியைத் திருப்பிக் கொண்டுபோன பரிமாறுகிறவன் பாண் துண்டுகளும், சுட்ட உருளைக்கிழங்கும், தணலில் வாட்டின பாற்கட்டியும், பச்சை நிறத்தில் சம்பல் மாதிரி ஒன்றும் கொண்டுவந்து வைத்தான். அன்ரனெற் சம்பலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உறைப்பில்லை. உதுக்குப் பேர் சம்பலோ?"

"பச்சைமிளகாய் போட மறந்திட்டினம் போல."

இருவரும் பசியோடு சாப்பிட்டார்கள்.

விளக்குகள் அணைந்தன. பியானோவோடு, மடியில் வைத்து இரு கையாலும் விரித்து மூடுகிற ஆர்மோனியம் போன்ற ஒரு வாத்தியம் இழுத்து விம்மியது. கறுப்புக் கோட்டுப் போட்ட ஓர் ஆணும், தொடைவரை பிளந்த பாவாடை கட்டிய ஒரு பெண்ணும் மேடைக்கு வந்தார்கள். நெஞ்சோடு நெஞ்சு பொருந்த நின்றார்கள். ஜெயமலர் சட்டென்று குனிந்து பாணைப் பார்த்தாள். நல்லகாலம் தன் மனுசன் வரவில்லை என்று நினைத்தாள்.

ஆனால் எவ்வளவு நேரத்துக்குப் பாணையே பார்க்கமுடியும்? நிமிர்ந்தாள்.

அந்தப் பெண் இளம்பெண் இல்லை. நாற்பது தாண்டியிருப்பாள். அவள் பின்னுக்குப் பின்னுக்கே நடந்துகொண்டிருந்தாள். கண்ணை மூடியிருந்தாள். சின்ன மேடை, விளிம்பு ஓரடி தூரத்தில். அவள் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"விழப்போறாள்," என்று ஜெயமலர் தன்னையறியாமல் அன்ரனெற்றின் கையைப் பிடித்தாள்.

"விழமாட்டாள். அவள்ர முதுகில கிடக்கிற அவன்ர கையைப் பாருங்கோ. விளிம்பு எங்கையெண்டு அதுதான் சொல்லுது."

ஜெயமலர் பார்த்தாள். ஆட்டம் முடிந்தபோது எல்லாரோடும் சேர்ந்து தானும் கைதட்டியதைத் தட்டி முடித்த பிறகுதான் உணர்ந்தாள்.

இடைவேளை விட்டார்கள். இனியும் தள்ளிப்போட முடியாது. ஜெயமலர் தண்ணீரை ஒரு மிடறு குடித்தாள்.

"மிஸிஸ் அருள்நாயகம், உங்களிட்டை நான் ஒரு விசயம் சொல்லவேணும்."

"நானும் ஒண்டு சொல்லவேணும்," என்றாள் அன்ரனெற் அவசரமாக. "முதலில நான் சொல்லுறன், இல்லாட்டி எனக்குத் தைரியம் போயிடும். கல்கரிக்குப் போறது எனக்கும் துண்டற விருப்பமில்லை. நீங்களும் நானும் சேர்ந்து சொன்னால் பிள்ளையள் ஒருவேளை கேட்குங்கள்."

"எங்கை போறது?"

"கல்கரிக்கு. ஜூலியஸுக்கு அங்க வேலை சரிவந்திட்டுது. கலியாணம் முடிச்சு இரண்டு பேரும்…" அன்ரனெற் ஜெயமலரின் முகத்தைப் பார்த்தாள். "மாதாவே! பிள்ளை உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

ஜெயமலர் தலையை அசைத்தாள். மேடையில் யாரோ பியானோவை ஒவ்வொரு கட்டையாகத் தட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்கரி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், விமானத்தில் நாலு மணித்தியாலம். பக்கத்து வீட்டுக்காரரின் தம்பி அங்கே போனான். பிறகு அவனை ஒரு செத்தவீட்டில்தான் கண்டார்கள்.

இப்போது அந்த ஒரு வசனத்தைச் சொன்னால் போதும். எங்களுக்குச் சரிவராது. கல்யாணமும் இல்லை, கல்கரியும் இல்லை. மகள் வீட்டிலேயே இருப்பாள். வசனம் தானாக நாக்கு நுனிக்கு வந்து நின்றது.

"அவளில கோவிக்காதேங்கோ," என்றாள் அன்ரனெற். "என்னட்டைச் சொல்லேக்க அழுதவள். 'அம்மாவை விட்டிட்டு எப்பிடிப் போறதெண்டு தெரியேல்லை அன்ரி, அம்மாட்டை எப்பிடிச் சொல்லுறதெண்டும் தெரியேல்லை' எண்டு என்ர தோளில சாஞ்சுகொண்டு அப்பிடி ஒரு அழுகை. எனக்குப் பொம்பிளைப் பிள்ளை இல்லை. என்ன சொல்லித் தேத்துறதெண்டு தெரியாமல் நானும் சேர்ந்து அழுதன்."

ஜெயமலருக்கு முதலில் பொறாமையாகத்தான் இருந்தது. தன் மகள் போய் அழுவதற்கு இன்னொரு தோள். பிறகு அந்தப் பொறாமைக்குள் வேறொன்று கசிந்தது. அழுதவளை இந்த மனுசி தள்ளிவிடவில்லை. சேர்ந்து அழுதிருக்கிறாள். இவ்வளவு பெரிய ஊரில் நிலாணிக்கு அப்படி ஒருத்தி கிடைத்திருக்கிறாள்.

"நீங்கள் சொல்லவந்தது என்ன?" என்று அன்ரனெற் கேட்டாள்.

"அது கிடக்கட்டும்." ஜெயமலர் வெறுங்கதிரைகளைப் பார்த்தாள். "கல்கரிக் கதைக்கு உங்கட அவர் என்ன சொல்லுறார்?"

அன்ரனெற் கை துடைத்த துணியை மடித்து வைத்தாள். "உங்களுக்குப் பொய் சொல்ல எனக்கு ஏலாது. அவருக்குத் தடிமன் இல்லை. அவர் வானுக்குள்ள இருக்கிறார்."

"எந்த வானுக்குள்ள?"

"எங்கட வான் பின்பக்கம், கார் விடுற இடத்தில நிக்குது. என்னோட உள்ளுக்க வந்தவர்தான். நீங்கள் தனிய இறங்கினதைக் கண்ணாடியால கண்டிட்டார். 'அந்த மனிசன் வரேல்லையெண்டால் எங்களைப் பிடிக்கேல்லையெண்டுதானே கருத்து, நான் ஏன் கழுத்தில ரையும் கட்டிக்கொண்டு இதுக்க நிப்பான்' எண்டிட்டுப் பின்கதவால போயிட்டார்."

"இந்தக் குளிருக்கையோ? இவ்வளவு நேரமும்?"

"ஹீற்றர் போட்டிருப்பார்."

ஜெயமலர் எழும்பினாள். ஜக்கற்றை எடுத்துப் போட்டாள். வாசலில் மாற்றிவைத்த பூட்ஸைத் தேட நேரமில்லை. செருப்போடு, சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்கதவால் வெளியே போனாள்.

பனியும் தண்ணீரும் கலந்த சேறு கால்விரல்களைக் கடித்தது. ஒரேயொரு வானில்தான் உள்விளக்கு எரிந்தது. உள்ளே கோட்டும் ரையும் கட்டிய மெலிந்த மனிதர் ஒருவர், தமிழ் வானொலியைக் கேட்டுக்கொண்டு ஒரு டோனற்றைக் கடித்துக்கொண்டிருந்தார். ஜெயமலர் கண்ணாடியில் தட்டினாள். அவர் திடுக்கிட்டதில் டோனற் மடியில் விழுந்தது.

"அண்ணை, நான் நிலாணியின்ர அம்மா. உள்ளுக்க வாங்கோ."

அருள்நாயகம் கண்ணாடியை இறக்கினார். ரையைத் தடவினார். "இல்லைத் தங்கச்சி… உங்கட மிஸ்ரர் வரேல்லை, நான் ஏன்…"

"ஓம் அண்ணை. வர மனமில்லாமல் வீட்டில இருக்கிறார். நீங்கள் இஞ்ச வானுக்குள்ள இருக்கிறியள். நாங்கள் இரண்டு பொம்பிளையளும் கதிரையளோடயோ சம்பந்தம் பேசுறது?"

அவர் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு அவள் கால்களைப் பார்த்தார். "செருப்போடயோ வந்தனீங்கள்?" என்று கேட்டுக்கொண்டே அவசரமாக இறங்கினார். பனிச்சேற்றில் அவள் வழுக்காமலிருக்கத் தன் முழங்கையை நீட்டினார். ஜெயமலர் ஒரு கணம் தயங்கினாள். பிறகு பிடித்துக்கொண்டு நடந்தாள்.

இரண்டாம் பாகம் தொடங்கியது. அருள்நாயகம் அதிகம் கதைக்கவில்லை. மிஞ்சியிருந்த கிழங்கையும் பாணையும் சாப்பிட்டார். ஆனால் அவருடைய சப்பாத்து நுனி மேசைக்குக் கீழே இசைக்குத் தாளம் போட்டபடியே இருந்தது.

நிகழ்ச்சி முடியும் தறுவாயில் ஆட்டக்காரர் மேடையைவிட்டு இறங்கிவந்து, விரும்பியவர்கள் எல்லாரும் ஆடலாம் என்று அறிவித்தார்கள். கிழவர்களும் இளசுகளுமாகப் பலர் எழும்பினார்கள். அருள்நாயகம் இருப்புக்கொள்ளாமல் மனைவியைப் பார்த்தார், பிறகு ஜெயமலரைப் பார்த்தார்.

"தங்கச்சி, குறை நினையாட்டி… எங்கட பக்கத்துக் கலியாண வீடுகளில முந்தி ஆடுறனாங்கள். இஞ்ச வந்தபிறகு ஆடேல்லை."

"என்னட்டை ஏன் அண்ணை கேட்கிறியள்? அவவைக் கேளுங்கோ."

அவர் கேட்டார். முறையாக எழுந்து, மனைவிக்கு முன்னால் போய் நின்று, கையை நீட்டி, "வாறியோ அன்ரனெற்?" என்று கேட்டார். கட்டி இத்தனை வருடமான பெண்சாதியிடம், அவள் மாட்டேன் என்றும் சொல்லக்கூடும் என்பதுபோலக் கேட்டார். அன்ரனெற் வெட்கத்தோடு எழும்பினாள்.

அவர்கள் ஆடியது டாங்கோ இல்லை. அது என்னவென்று சொல்லவும் முடியாது. இரண்டு அடி அங்கே, இரண்டு அடி இங்கே. ஒருமுறை அவர் அவளுடைய சேலைக் கரையை மிதித்தார். உடனே நின்று, குனிந்து, அதை எடுத்துவிட்டுத்தான் மறுபடி ஆடினார். அன்ரனெற் அவர் காதில் ஏதோ சொல்ல, அவர் சத்தமாகச் சிரித்தார்.

ஜெயமலர் கன்னத்தில் கைவைத்து, சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். ஜூலியஸை அவள் இன்னும் கண்டதில்லை. ஆனால் அவன் வளர்ந்த வீடு இது. அப்பா அம்மாவிடம் கேட்டுவிட்டுக் கையைப் பிடிக்கிற வீடு. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவன் நிலாணியையும் கேட்பான். கல்கரியானால் என்ன, எங்கேயானால் என்ன, ஒன்றைச் செய்ய முன் அவளைக் கேட்பான். அந்த நினைப்பு வந்ததும் நெஞ்சுக்குள் ஒரு வாரமாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று கழன்றது.

மூச்சிரைக்க வந்து இருந்த அன்ரனெற்றிடம் அவள் சொன்னாள். "ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கட வீட்டுக்கு வாங்கோ. மூண்டு பேரும். ஞாயிறெண்டால் மீன் சாப்பிடலாமெல்லோ?"

"தாராளமா." அன்ரனெற்றின் கண் நிறைந்தது. "உங்கட அவர்?"

"அவரை நான் பார்க்கிறன். கல்கரிக் கதையை மட்டும் இப்போதைக்கு ஒருத்தரும் எடுக்கவேண்டாம்."

பொன்னம்பலத்தின் கார் வீதியின் மறுகரையில் நின்றது. அருள்நாயகமும் அன்ரனெற்றும் அவளோடு வீதியைக் கடந்து கார்வரை வந்தார்கள். பொன்னம்பலத்துக்கு இறங்காமல் இருக்கமுடியவில்லை. இரண்டு ஆண்களும் கைகுலுக்கினார்கள். "பனி இந்தமுறை கூடிப்போச்சு," என்றார் ஒருவர். "ஓமோம், கூடிப்போச்சு," என்றார் மற்றவர். அவ்வளவுதான்.

கார் புறப்பட்டது. நெடுஞ்சாலை ஏறியதும்தான் பொன்னம்பலம் கேட்டார்.

"சொல்லிப்போட்டியோ?"

"சொல்லிப்போட்டன்."

"என்னண்டு?"

"ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வாங்கோ எண்டு."

இடி விழும் என்று ஜெயமலர் காத்திருந்தாள். விழவில்லை. பொன்னம்பலம் சுக்கானைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எட்டு மணிக்கே வந்திட்டன்," என்றார் கடைசியில்.

"என்ன?"

"வீட்டில இருக்க மனம் கேட்கேல்லை. நடைபாதையில நிண்டு கண்ணாடியால பார்த்தன். நீ செருப்போட வெளியில போய், அந்த மனிசனைக் கூட்டிக்கொண்டு வந்து இருத்தினதைக் கண்டன். பிறகு நீ சிரிச்சுக்கொண்டிருந்தாய்." சுக்கானில் கையை மாற்றிப் பிடித்தார். "நீ உப்பிடிச் சிரிச்சு நான் கண்டு கனகாலம், மலர்."

ஜெயமலர் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். "உள்ளுக்க வந்திருக்கலாமே?"

"வெக்கமாக் கிடந்தது." அவர் ஹீற்றரை அவள் கால்பக்கம் திருப்பிவிட்டார். "அந்தாள் பெண்சாதியின்ர சேலையை மிதிச்சிட்டு, குனிஞ்சு எடுத்துவிட்டதையும் கண்டன். கெட்ட சனமில்லை."

வெளிச்சங்கள் ஓடி மறைந்தன.

"நான் மறிக்கேல்லை," என்றார் பொன்னம்பலம். "கோயிலில வைக்கட்டும், சேர்ச்சில வைக்கட்டும், இரண்டிலயும் வைக்கட்டும். நான் வந்து நிக்கிறன். எனக்கு ஒண்டே ஒண்டுதான். பிள்ளை கிட்டத்தில இருக்கவேணும். இஞ்ச கிட்ட, அஜக்ஸில புதுசா வீடுகள் கட்டுறாங்களாம். ஒரே றோட்டில இரண்டு பார்ப்பம். நான் பின்னேரத்தில நடந்துபோய் அவளைப் பார்த்திட்டு வரக்கூடிய தூரம். அந்தப் பொடியன் அதுக்கு மட்டும் ஓம் எண்டால் போதும்."

ஜெயமலர் திரும்பி அவரைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல்தரமாக அவர் முகம் மலர்ந்திருந்தது. அந்த வீதியும், அந்த இரண்டு வீடுகளும் இப்போதே கண்முன்னால் தெரிவதுபோல இருந்தார்.

"இஞ்சருங்கோ…" என்று தொடங்கினாள்.

"ம்?"

"ஒண்டுமில்லை. முன்னால பார்த்துக் காரை ஓடுங்கோ."